அகராதியை மூடிவிட்டு வாருங்கள்: குழப்பும் ஆங்கிலச் சொல் ஜோடிகளைத் தமிழை வைத்தே பிரிக்க ஒரு முழு வழிகாட்டி

'அடிக்கடி குழப்பும் 100 ஆங்கிலச் சொற்கள்' மாதிரிப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு தமிழ் அர்த்தம் இருக்கும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் அதே இடத்தில் கை நிற்கும். 'சீ' என்றாலும் பார், 'லுக்' என்றாலும் பார், 'வாட்ச்' என்றாலும் பார் என்று அகராதி சொன்னால் அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

என் கட்சி இதுதான். இந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் வேறுபாடு உங்கள் தமிழிலேயே இருக்கிறது, அதுவும் வினைச்சொல்லின் வாலில், நீங்கள் யோசிக்காமலே சொல்லும் 'க்குள்', 'வரை', 'எனக்கு', 'தான்' போன்ற சின்னச் சின்ன இடங்களில். மீதிப் பாதிக்குத் தமிழ் உதவாது, சில இடத்தில் தமிழே வழுக்கிவிடும், அதையும் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் பிள்ளையின் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், ஊரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள், அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் எல்லாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். படிகளை வரிசையாகவே பாருங்கள், ஒன்றின் மேல்தான் அடுத்தது நிற்கிறது.

முதல் படி: சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்

எந்த ஜோடியில் மாட்டிக்கொண்டாலும் சொல்ல வந்த முழு வாக்கியத்தையும் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், அதில் நாம் கொஞ்சம் விறைப்பாகிவிடுகிறோம்.

'பை', 'அண்டில்' ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள பாரத்தை அனுப்பிடுங்க" என்றால் 'பை'. "வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு" என்றால் 'அண்டில்'. 'க்குள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'அண்டில்', அவ்வளவுதான். 'அண்டில் ஃப்ரைடே சப்மிட்' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள் என்ற தொனி வந்துவிடும்.

'சின்ஸ்', 'ஃபார்' கூட இதே கதைதான். "2015லேருந்து சிங்கப்பூர்ல இருக்கேன்", அங்கே 'இருந்து' வருகிறது, ஆகவே 'சின்ஸ்'. "பத்து வருஷமா இருக்கேன்", அங்கே 'ஆக' வருகிறது, ஆகவே 'ஃபார்'. 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் தமிழில் யாரும் 'பத்து வருஷத்திலிருந்து இருக்கேன்' என்று சொல்வதில்லையே.

அடுத்தது 'ஃபியூ', 'அ ஃபியூ'. ஒரே ஒரு 'அ' இருப்பதா இல்லையா என்று பள்ளிப்பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். தமிழில் இதற்கு 'தான்' இருக்கிறது. "கொஞ்சம் பேர் வந்தாங்க", இது 'அ ஃபியூ', வந்தார்களே என்ற திருப்தி. "கொஞ்சம் பேர்தான் வந்தாங்க", இது வெறும் 'ஃபியூ', இவ்வளவுதானா என்ற குறை. 'லிட்டில்', 'அ லிட்டில்' ஜோடியும் இப்படியே, எண்ண முடியாத பொருளுக்கு: பால் கொஞ்சம் இருக்கு, பால் கொஞ்சம்தான் இருக்கு.

'பாரோ', 'லெண்ட்' ஜோடியில் தமிழர்கள் தடுமாறவே கூடாது. கடன் வாங்குகிறேன், கடன் கொடுக்கிறேன் என்று நமக்கு இரண்டும் தனித்தனி. ஆனாலும் இங்கே 'பாரோ மீ யுவர் பென்' என்று நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சீனத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' இரண்டு பக்கமும் ஓடும், அந்தக் காற்று நம் வீட்டுக்குள்ளும் வீசுகிறது. வாங்கும் ஆள் 'பாரோ' செய்கிறார், கொடுக்கும் ஆள் 'லெண்ட்' செய்கிறார். நூலகத்தில் நாம் புத்தகத்தை 'பாரோ' செய்கிறோம், நூலகம் நமக்கு 'லெண்ட்' செய்கிறது.

இரண்டாம் படி: 'வா'வா, 'போ'வா என்று பாருங்கள்

இந்தப் படி ஒன்றே 'கம்', 'கோ', 'பிரிங்', 'டேக்', 'ஃபெட்ச்' ஐந்தையும் முடித்துவிடும்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே இது விதியாக இருக்கிறது: வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இரண்டுக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. பேசுகிறவரையோ கேட்கிறவரையோ நோக்கி நகர்ந்தால் 'வா', மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தால் 'போ'. ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் நடக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்று நாம் சொல்வதை ஆங்கிலேயரும் 'ஐயம் கமிங் டு யுவர் பிளேஸ்' என்கிறார், 'கோயிங்' என்று சொல்வதில்லை.

இனி இதை 'பிரிங்', 'டேக்' மேல் வையுங்கள். "கூட்டிட்டு வரேன், கொண்டு வரேன்" என்றால் 'பிரிங்'. "கூட்டிட்டுப் போறேன், கொண்டு போறேன்" என்றால் 'டேக்'. அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக விடுப்பு கேட்கிறீர்கள் என்றால் மேலாளருக்கு எழுத வேண்டியது 'டேக் மை மதர்'. இங்கே அலுவலகங்களில் 'பிரிங் மை மதர் டு த பாலிகிளினிக்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் திருத்துவதும் இல்லை. சிங்கப்பூருக்குள் பேச்சில் அது ஓடும். தேர்வுத்தாளில் ஓடாது.

'ஃபெட்ச்' என்பது போய்க் கூட்டிக்கொண்டு வருவது, போக வர இரண்டு பயணமும் அதற்குள் அடக்கம். பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டி வருவது 'ஃபெட்ச்'. காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதையும் நம் ஊரில் 'ஃபெட்ச் டு ஸ்கூல்' என்கிறார்கள், அது 'டேக்' இருக்க வேண்டிய இடம். 'செண்ட்' இன்னும் வேடிக்கை. "ஐ செண்ட் யூ டு ஏர்போர்ட்" என்று நண்பர் அன்பாகச் சொன்னால் காரில் உங்களைக் கொண்டுபோய் விடப்போகிறார் என்று சிங்கப்பூரில் எல்லாருக்கும் புரியும், லண்டனிலிருந்து வந்தவருக்கு மட்டும் தன்னைத் தனியாக அனுப்பிவைக்கிறார்கள் போலிருக்கிறதே என்று தோன்றும். கூடவே போனால் 'டேக்'. வாசலிலோ விமான நிலையத்திலோ நின்று கையசைத்து வழியனுப்பினால் 'சீ ஆஃப்'.

'ஃபாலோ'வையும் இங்கேயே முடித்துவிடுவோம். "நானும் கூட வரேன்" என்பதற்கு 'ஐ ஃபாலோ யூ' என்கிறார்கள். தமிழில் 'கூட வா' வேறு, 'பின்னால வா' வேறு, 'ஃபாலோ' இரண்டாவதற்கு மட்டும்தான்.

அப்புறம் ஒன்று, வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் "போயிட்டு வரேன்" என்பதை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயலாதீர்கள். எந்தப் படியும் அதற்கு உதவாது.

மூன்றாம் படி: 'எனக்கு'வா, 'நான்'ஆ?

தமிழில் இது எவ்வளவு பெரிய வசதி என்று நமக்கே தெரிவதில்லை. "எனக்குக் கேக்குது" என்றால் காதில் தானாக விழுகிறது, அது 'ஹியர்'. "நான் கேக்குறேன்" என்றால் காது கொடுத்துக் கேட்கிறேன், அது 'லிசன்'. "எனக்குத் தெரியுது" என்றால் கண்ணில் படுகிறது, 'சீ'. "நான் பாக்குறேன்" என்றால் கண்ணைத் திருப்பிப் பார்க்கிறேன், 'லுக்'. நகரும் ஒன்றை, மாறும் ஒன்றை கொஞ்ச நேரம் "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றால் 'வாட்ச்'. பந்தாட்டம், தொலைக்காட்சி, அடுப்பில் பொங்கப்போகும் பால், எல்லாம் 'வாட்ச்'. 'லுக்' வந்தால் பின்னால் 'அட்' வரும், 'லிசன்' வந்தால் 'டு' வரும், முயற்சி எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டவேண்டுமே. 'சீ'க்கும் 'ஹியர்'க்கும் அப்படி எதுவும் வேண்டாம்.

இதிலிருந்து இன்னொரு லாபமும் உண்டு. எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இருக்கு. இந்த 'எனக்கு' வினைகளுக்கு ஆங்கிலத்தில் வரும் 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'லைக்', 'வாண்ட்', 'ரிமெம்பர்' எதற்கும் பொதுவாக 'இங்' ஒட்டாது. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' என்று நம்மவர்கள் பேசுவதைக் கேலி செய்வார்களே, அந்தக் கேலிக்கு மருந்து இந்த 'எனக்கு'தான். "நாளைக்கு நான் டாக்டரைப் பாக்குறேன்" என்றால் 'ஐயம் சீயிங் த டாக்டர்' சரியாகிவிடும், ஏனென்றால் அங்கே 'நான்' வந்துவிட்டது. 'பிலீவ்' போன்ற சில சொற்கள் 'நான் நம்புறேன்' என்று வந்தும் 'இங்' ஏற்காது, ஆக விதி எல்லாவற்றையும் பிடிக்காது. ஆனால் நிறையப் பிடிக்கும்.

நான்காம் படி: தானாக நடந்ததா, ஒருவர் நடத்தினாரா?

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கிறதா? அது இங்கேதான் காசாகிறது. "வாடகை ஏறிடுச்சு", 'ரைஸ்'. "வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டார்", 'ரெய்ஸ்'. தமிழில் 'ஐ' உருபு ஒட்டிய ஒரு பொருள் இருந்தால் இரண்டாவது சொல். எழு, எழுப்பு. ஏறு, ஏற்று.

'லை', 'லே' இதே ஜாதி. நான் படுக்கிறேன், 'லை'. குழந்தையைப் படுக்க வைக்கிறேன், 'லே'. இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது: படுப்பதற்கான 'லை'யின் இறந்தகாலமே 'லே'. நேற்றுப் படுத்தேன் என்பதற்கு 'ஐ லே', நேற்றுக் குழந்தையைப் படுக்க வைத்தேன் என்பதற்கு 'ஐ லெய்ட்'. பொய் சொல்வதற்கும் 'லை'தான், ஆனால் அதன் இறந்தகாலம் 'லைட்' என்று தனி வழியில் போகிறது. ஆங்கிலேயர்களே இதில் தவறுகிறார்கள், ரொம்ப வருத்தப்படாதீர்கள்.

'ரிமெம்பர்' நாமே நினைவில் வைத்துக்கொள்வது, 'ரிமைண்ட்' இன்னொருவருக்கு நினைவுபடுத்துவது. 'ரிமெம்பர் மீ டு கால்' என்றால் நினைவுபடுத்தும் வேலை நடக்காது.

ஐந்தாம் படி: தமிழ் கைவிட்டால், சொல்லுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள்

'சே', 'டெல்' இரண்டும் தமிழில் 'சொல்'. வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் வேறுபாடு வராது. இங்கே ஆங்கிலத்தின் பக்கம் போய், அந்தச் சொல் தனக்குப் பின்னால் யாரை உட்கார வைக்கிறது என்று பார்க்க வேண்டும். 'டெல்' வந்தால் பெரும்பாலும் ஆள் உடனே வரவேண்டும்: 'டெல் மீ', 'டோல்ட் ஹிம்'. 'சே' வந்தால் சொன்ன விஷயம் வரும், ஆளைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் நடுவில் 'டு' போட வேண்டும். உண்மை, பொய், கதை, மணி இவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாமலும் 'டெல்' வரும். 'ஸ்பீக்' என்றால் மொழி, மேடை, கொஞ்சம் முறைப்பு. 'டாக்' என்றால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது.

'ராப்', 'ஸ்டீல்' இன்னும் சுத்தமான உதாரணம். 'ஸ்டீல்'க்குப் பின்னால் போன பொருள், 'ராப்'க்குப் பின்னால் பறிகொடுத்த ஆள் அல்லது இடம். சைக்கிளை 'ஸ்டீல்' செய்வார்கள், வங்கியை 'ராப்' செய்வார்கள். வங்கியை 'ஸ்டீல்' செய்தால் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு போனதாக அர்த்தம்.

இதே பார்வையில் 'டிஸ்கஸ்' சொல்லையும் பாருங்கள். 'டாக் அபவுட்' சரி, ஆனால் 'டிஸ்கஸ் அபவுட்' கூடாது, 'டிஸ்கஸ்'க்குப் பின்னால் விஷயம் நேராக வந்துவிடும். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' தவறு, 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ' சரி.

அடுத்து சேர்க்கை. 'டூ', 'மேக்' இரண்டுக்கும் அகராதியில் 'செய்'. ஒன்றை உருவாக்கினால் 'மேக்', ஒரு வேலையை முடித்தால் 'டூ' என்று ஒரு விதி சொல்வார்கள், அது பாதி தூரம்தான் வரும். முடிவெடுப்பது, தவறு செய்வது, தொலைபேசியில் அழைப்பது, பணம் கட்டுவது, காவல்துறையில் புகார் கொடுப்பது எல்லாம் 'மேக்'. வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவுவது, உதவி, வியாபாரம், நம் பிள்ளைகளின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை எல்லாம் 'டூ'. இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் 'மேக் எ மிஸ்டேக்' என்று ஒரே துண்டாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 'டால்', 'ஹை' இப்படித்தான்: ஆள், மரம், கட்டடம் 'டால்'. மலை, விலை, காய்ச்சல் 'ஹை'. அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் 'டால்', அதில் உங்கள் மாடி 'ஹை ஃப்ளோர்'. சில இடங்களில் தமிழே கைகொடுக்கும், கனமழை 'ஹெவி ரெயின்', பலத்த காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அர்த்தத்தைப் படிக்காமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். பின்னால் எது வருகிறது, பக்கத்தில் எது உட்காருகிறது என்று நாலைந்து வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தேர்வின் 'க்ளோஸ்' பகுதியில் கோடிட்ட இடத்தை நிரப்பப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கண்தான்.

ஆறாம் படி: காசு, வேலை, வீடு. இங்கே சொல் மாறினால் பையில் இடிக்கும்

தமிழில் 'கட்டணம்' என்று ஒரே குடைக்குள் போடுவதை ஆங்கிலம் கூறு கூறாக வெட்டி வைத்திருக்கிறது. பேருந்து, ரயில், டாக்சி என்று பயணத்துக்குக் கொடுப்பது மட்டும் 'ஃபேர்'. பள்ளி, மருத்துவர், முகவர் வாங்குவது 'ஃபீ'. ஒரு சேவைக்காகப் பொதுவாகப் போடுவது 'சார்ஜ்'. தண்டனையாகக் கட்டுவது 'ஃபைன்'. சிங்கப்பூரில் 'சம்மன் கட்டினேன்' என்று நாம் சொல்வது அபராதத்தைத்தான், சட்டத்தில் 'சம்மன்ஸ்' என்றால் நீதிமன்ற அழைப்பு.

உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் முதல் குறி 'சர்விஸ் சார்ஜ்', அது உணவகத்துக்கு. இரண்டாவது குறி 'டேக்ஸ்', அதாவது பொருள் சேவை வரி, அது அரசாங்கத்துக்கு. வழக்கமான 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தைப் போட்டு, அந்தக் கூட்டுத்தொகை மேல் 2024 ஜனவரி முதல் இருக்கும் 9 விழுக்காடு வரியைப் போட்டால், 100 வெள்ளி (டாலர்) சாப்பாடு 119 வெள்ளி 90 காசில் போய் நிற்கும்.

'லெவி' என்ற சொல்லை ஊரிலிருந்து வேலைக்கு வரும் தம்பிகள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக முதலாளி அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டுவது. அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்க முதலாளிக்கு அனுமதி கிடையாது. 'ஃபீ' என்று வேறு பெயர் வைத்துப் பிடித்தாலும் 'லெவி' 'லெவி'தான். சம்பளச் சீட்டில் 'பேசிக்', 'குரோஸ்' என்று இரண்டு வரும். 'பேசிக்' அடிப்படைச் சம்பளம், படிகள் (அலவன்ஸ்) எதுவும் சேராது. 'குரோஸ்' சில படிகளைச் சேர்த்தது. மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு என்று சட்டம் சொல்வது 'பேசிக்' கணக்கில்தான், அதனால் ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை பெரிதாக இருக்கிறதே என்று குளிர்ந்துவிடாமல் 'பேசிக்' எவ்வளவு என்று பாருங்கள்.

வேலை போவதற்கும் நாலு சொல். நாமே விலகினால் 'ரிசைன்'. நம் நடத்தைக்காகவோ வேலை சரியில்லை என்றோ அவர்கள் அனுப்பினால் 'டிஸ்மிஸ்'. வேலையிடமே தேவையில்லாமல் போய் ஆட்குறைப்பு செய்தால் 'ரிட்ரெஞ்ச்'. 'டெர்மினேட்' என்பது ஒப்பந்தத்தை முடிப்பது, முன்னறிவிப்புக் கொடுத்து இரண்டு தரப்பில் யாரும் செய்யலாம். அடுத்த வேலைக்கான படிவத்தில் 'ரிட்ரெஞ்ச்' போட வேண்டிய இடத்தில் 'டிஸ்மிஸ்' என்று எழுதினால் நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்கிறோம்.

வீட்டு விஷயத்தில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது 'அட்வான்ஸ்'. அங்கே அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை. இங்கே அது 'டெபாசிட்'. இங்கே 'அட்வான்ஸ்' என்றால் முன்கூட்டியே கட்டும் மாத வாடகை, அது திரும்பி வராது, அந்த மாதத்தில் கழிந்துவிடும். மாத வாடகைக்கு எடுப்பது 'ரெண்ட்'. நீண்ட காலக் குத்தகை 'லீஸ்', வீவக வீட்டின் 99 ஆண்டுக் கணக்கு அதுதான், ஆனால் வாடகை ஒப்பந்தத்தையும் இங்கே 'லீஸ்' என்பார்கள்.

நடுவில் ஒரு நிறுத்தம்: மருந்தகத்தில்

மருத்துவரிடம் 'பெயின், பெயின்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நிறைய. தமிழில் வலியைப் பிரித்துச் சொல்ல நம்மிடம் எவ்வளவு இருக்கிறது! குத்துகிறது என்றால் 'ஷார்ப் பெயின்'. எரிகிறது என்றால் 'பர்னிங்'. விடாமல் மந்தமாக உளைந்துகொண்டே இருந்தால் 'ஏக்', தலைக்கும் வயிற்றுக்கும் பல்லுக்கும் முதுகுக்கும் அந்தச் சொல் ஒட்டியே வரும். விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்'. மரத்துப்போனால் 'நம்'. சுளுக்கு 'ஸ்ப்ரெய்ன்', அது மூட்டில். தசை இழுத்துப் பிடித்தால் 'கிராம்ப்'. தூக்கக்கூடாத கனத்தைத் தூக்கித் தசைநார் பிய்ந்தால் 'ஸ்ட்ரெய்ன்'.

'மயக்கம்' என்ற சொல்லில்தான் தமிழ் நம்மை மாட்டிவிடும். மயக்கமா இருக்கு என்றால் தலைசுற்றல், 'டிஸி', இங்கே பலரும் 'கிடி' என்பார்கள். மயக்கம் போட்டு விழுந்துட்டேன் என்றால் நினைவு தப்பியது, 'ஃபெயின்ட்'. வேலையிடத்தில் நடந்தது இரண்டாவது என்றால் அதை முதலாவதாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், மருத்துவர் கேட்கும் கேள்விகளும் செய்யும் பரிசோதனைகளும் அடியோடு மாறும்.

ஏழாம் படி: தமிழ் வழுக்கிவிடும் இடங்களைத் தனியாக எழுதி வையுங்கள்

"உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று தமிழில் கடிதம் முடித்தால் பணிவு. அதையே 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதினால் அதட்டல், பதில் வந்தே ஆகவேண்டும் என்கிற மாதிரி. வரும் என்று கணக்குப் போட்டு வைப்பது 'எக்ஸ்பெக்ட்', வந்தால் நல்லது என்ற ஆசை 'ஹோப்', மகிழ்ச்சியோடு காத்திருப்பது 'லுக் ஃபார்வர்ட் டு'. மின்னஞ்சலின் கடைசி வரிக்கு மூன்றாவதை எடுங்கள். அதில் 'டு'க்குப் பின்னால் 'ஹியரிங்' வரும், 'ஹியர்' என்று எழுதிவிடக் கூடாது.

"ஒரு டவுட்" என்று கை தூக்குவது தமிழ்நாட்டு வகுப்பறைப் பழக்கம். ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை என்ற வாடை அடிக்கும். தெரியாததைக் கேட்பதானால் 'குவெஸ்சன்'. '2018இல் காலேஜ் பாஸ்ட் அவுட்' என்று தன்விவரத்தில் எழுதினால் படிப்பவர் நீங்கள் மயங்கி விழுந்ததாக நினைக்கக்கூடும், 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். நம் பிள்ளைகளின் அடிப்படை ராணுவப் பயிற்சி முடியும்போது நடக்கும் 'பாசிங் அவுட் பரேட்' மட்டும் சரியான வழக்குதான், அங்கே யாரும் மயங்குவதில்லை, வெயில் கடுமையாக இல்லாவிட்டால்.

'ஸ்டே', 'லிவ்' இரண்டில் தமிழ் நம் பக்கம். தங்குவது 'ஸ்டே', குடியிருப்பது 'லிவ்'. 'வேர் டு யூ ஸ்டே' என்று இங்கே எல்லாரும் கேட்பார்கள், பதில் சொல்லிவிட்டுப் போங்கள், நீங்கள் எழுதும்போது மட்டும் 'லிவ்'.

விளக்கை 'ஓப்பன்', 'க்ளோஸ்' செய்வதும் அப்படியே. தமிழில் யாராவது விளக்கைத் திறக்கிறார்களா?

எட்டாம் படி: எழுத்துக்கூட்டல் ஜோடிகள்

இவற்றில் சிந்திக்க ஒன்றுமில்லை, மனப்பாடம்தான். நாம் எழுதுவது பிரிட்டிஷ் முறை. 'லைசென்ஸ்', 'பிராக்டிஸ்' இரண்டும் பெயர்ச்சொல்லானால் 'சி' எழுத்து, வினைச்சொல்லானால் 'எஸ்'. மறந்தால் 'அட்வைஸ்' சொல்லை நினையுங்கள், அதில் உச்சரிப்பே மாறுவதால் 'சி' எங்கே, 'எஸ்' எங்கே என்று காதே சொல்லிவிடும். 'அஃபெக்ட்' பெரும்பாலும் வினை, 'எஃபெக்ட்' பெரும்பாலும் பெயர்: பாதித்தது, பாதிப்பு. 'ஸ்டேஷனரி'யில் 'ஈ' வந்தால் காகிதம் பேனா, 'ஏ' வந்தால் நகராமல் நிற்பது, 'என்வலப்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'ஈ' என்பதை வைத்து நினைவில் வைக்கலாம். 'பிரின்சிபல்' சொல் 'ஏஎல்' என்று முடிந்தால் பள்ளி முதல்வர், அல்லது அசல் தொகை. வீட்டுக்காக மத்திய சேம நிதியிலிருந்து (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த பணத்தின் கணக்கில் வட்டிக்கு மேலே வரும் 'பிரின்சிபல்' இந்த அசல்தான். 'எல்இ' என்று முடிந்தால் கொள்கை.

கணினியிலும் கைப்பேசியிலும் மொழி அமைப்பைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் கிடந்தால் ஓட்டுநர் உரிமத்தை 'சி' போட்டுச் சரியாக எழுதியிருந்தாலும் அடியில் சிவப்புக் கோடு வரும், பிள்ளையும் அதை நம்பி அழித்துவிட்டு 'எஸ்' போடும்.